கைமெசின் கடந்து வந்த பாதை

சித்திரை வருஷப்பிறப்பு என்றதும் மருத்துநீர், கைவிசேஷம், போர்த்தேங்காய் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும். அவற்றோடு சேர்ந்து வருவது புதுச்சட்டை. ஊரிலே பங்குனி பிறந்தால் சீத்தைத் துணி வாங்கி, அளவெடுத்து, வெட்டி, பிள்ளைகள் எல்லாருக்கும் வருஷத்துக்கு முதல்நாள் இரவுக்குள் தைத்து முடித்தாக வேண்டும். மருத்துநீர் காய்ச்சுகிற முறையைப் பஞ்சாங்கத்தில் அச்சடித்து வைத்திருக்கிறோம். அந்தச் சட்டைகளைத் தைத்த மெசினைப் பற்றியும், அதைச் சுற்றிய பெண்களைப் பற்றியும் எங்கட ஆட்கள் எழுதிவைத்தது மிகக் குறைவு.

ஆகவே இந்தப் புத்தாண்டு மலரில், பெட்டியில் வைத்துக் கையால் தூக்கிக்கொண்டு போகக்கூடிய பழைய கைமெசினின் வரலாற்றைச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன். அது எங்கே பிறந்தது, எப்படி யாழ்ப்பாணம் வந்தது, மின்சாரம் இல்லாத காலத்தில் என்ன செய்தது, இன்றைக்குப் பலெர்மோவின் பழைய சாமான் சந்தையில் ஏன் கிடக்கிறது, வாங்கினால் எப்படிப் பராமரிப்பது என்பதெல்லாம் ஒரே கதையின் பகுதிகள்தான்.

சண்டையில் பிறந்த மெசின்

பிரான்ஸ் நாட்டுத் தையற்காரரான பார்தெலெமி தீமோனியே என்பவர் 1830ஆம் ஆண்டில் தையல் மெசினுக்குக் காப்புரிமை பெற்றார். பாரிஸ் நகரில் அந்த மெசின்களை வைத்து இராணுவச் சீருடை தைக்கும் பட்டறை நடந்தது. தங்கள் வாயில் மண் விழப் போகிறது என்று பயந்த மற்றத் தையற்காரர்கள் 1831இல் கூட்டமாக வந்து அந்த மெசின்களை அடித்து நொறுக்கினார்கள். தீமோனியே கடைசிவரை வறுமையிலே இருந்து இறந்துபோனார்.

பிறகு அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846இல் தன்னுடைய மெசினுக்கும், ஐசாக் மெரிட் சிங்கர் 1851இல் தன்னுடையதற்கும் காப்புரிமை எடுத்தார்கள். யார் யாருடையதைத் திருடினார் என்று வழக்குக்கு மேல் வழக்கு நடந்தது. 1856இல் முக்கிய கொம்பனிகள் தங்கள் உரிமைகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துச் சமாதானமானார்கள்.

அதே 1856ஆம் ஆண்டில்தான் சிங்கரின் பங்காளியான எட்வேர்ட் கிளார்க் தவணை முறையைக் கொண்டுவந்தார். மெசினின் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத விலை. முதலில் கொஞ்சக் காசைக் கட்டி மெசினை வீட்டுக்குக் கொண்டுபோகலாம், மிச்சத்தை மாதாமாதம் கட்டலாம் என்றார் அவர். மெசினிலே தைத்து வருகிற காசு மெசினின் கடனைக் கட்டும். கட்டத் தவறினால் கொம்பனி ஆட்கள் வந்து மெசினைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். சிங்கர் உலகம் முழுவதும் பரவியதற்கு இரும்பைவிட இந்தக் கணக்குப் புத்தகம்தான் கூடிய காரணம் என்றுகூடச் சொல்லலாம்.

ஆரம்பகால மெசின்கள் பாரமானவை. மேசையும் கால்மிதியும் வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முக்கால் அளவு உடம்பும், வலது பக்கத்தில் சுற்றுகிற கைபிடியும், மேலே வளைந்த மரமூடியும் உள்ள சின்ன மெசின்கள் வந்தன. சிங்கரின் 28ஆம் இலக்கமும், பிறகு வந்த 128, 99 ஆகிய இலக்கங்களும் இந்த வகை. கறுப்பு உடம்பிலே தங்க நிறத்தில் ஸ்பிங்ஸ் படமோ பூவேலையோ போட்டிருக்கும். சொல்லுக்குத்தான் சின்ன மெசின்; தூக்கினால் தோள் இறங்கும். 1933இல் வந்த 221ஆம் இலக்கம் அலுமினிய உடம்போடு 5 கிலோ அளவுக்குக் குறைந்தது. ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டும். எங்கட கதையில் இது ஒரு முக்கியமான வித்தியாசம்.

கிளைட்பாங் பெண்கள்

ஆசியாவுக்கு வந்த சிங்கர் மெசின்களில் பெருந்தொகையானவை ஸ்கொட்லாந்தில் கிளாஸ்கோ நகருக்குப் பக்கத்திலுள்ள கிளைட்பாங் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. 1885இல் திறந்த அந்தத் தொழிற்சாலை 1913ஆம் ஆண்டில் மட்டும் 13 இலட்சத்துக்கு மேற்பட்ட மெசின்களை அனுப்பியது.

1911 மார்ச் மாதத்தில் அங்கே பெரிய வேலைநிறுத்தம் ஒன்று நடந்தது. மெசின் பெட்டிகளுக்கு மெருகு போடும் பகுதியில் ஆட்களைக் குறைத்து, மிச்சம் இருந்த 12 பெண்களின் தலையில் கூடுதல் வேலையைச் சுமத்தினார்கள். அந்தப் பெண்கள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். சில நாட்களுக்குள் ஏறக்குறைய 11,000 பேர் கொண்ட தொழிற்சாலை முழுவதும் அவர்கள் பின்னால் நின்றது. போராட்டம் ஏப்ரலில் தோற்றுப்போனது. முன்னின்று நடத்திய நூற்றுக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். பெட்டியின் மூடியைத் துடைக்கும்போது அந்த மரத்துக்கு மெருகு போட்ட கைகளையும் நாங்கள் நினைத்துக்கொள்ள வேண்டும்.

கிளைட்பாங் தொழிற்சாலையை 1980இல் மூடிவிட்டார்கள். அந்த ஊர் ரயில் நிலையம் ஒன்றின் பெயர் இன்றைக்கும் சிங்கர்தான்.

இலங்கைக்கு வந்த விதம்

சிங்கர் கொம்பனி 1877இல் கொழும்பு புறக்கோட்டையில் தன் முதல் கடையைத் திறந்தது. இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய மூன்று நாடுகளிலும் அதன் வியாபாரத்தை நெடுங்காலம் நடத்தியவர் நுசர்வான்ஜி மேர்வான்ஜி பட்டேல் என்ற பார்சிக்காரர். மேலைநாட்டுப் பெண்களை மட்டும் நம்பியிருந்தால் இங்கே வியாபாரம் நடக்காது, உள்ளூர்த் தையற்காரர்களும் உள்ளூர்க் குடும்பங்களும்தான் வாங்கப் போகிறார்கள் என்பதை விளங்கி வேலை செய்தவர் அவர். இலங்கையில் தையல் மெசின், கிராமபோன் போன்ற பொருட்கள் சாதாரண சனங்களின் வாழ்க்கையை எப்படி மாற்றின என்பதை வரலாற்றுப் பேராசிரியை நிரா விக்கிரமசிங்க 2014இல் வெளியான தன் ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

யாழ்ப்பாணத்தில் ஊசியும் நூலும் பள்ளிக்கூடத்துக்குள் வந்தது அதற்கும் முதலே. அமெரிக்க மிஷனரிமார் 1824இல் தொடங்கிய உடுவில் மகளிர் பாடசாலையில் எழுத்து வாசிப்போடு தையலும் சொல்லிக்கொடுத்தார்கள். கையூசி பழகிய வீடுகளுக்குத்தான் பிறகு மெசின் வந்தது. சீதனச் சாமான்களில் ஒன்றாகவும் வந்தது. சீட்டுக் கட்டி எடுத்த காசிலும் வந்தது. மலாயாவிலிருந்து பென்சன் எடுத்து வந்தவர்களின் சாமான்களோடும் வந்தது. புருஷன் இல்லாத வீட்டிலே அடுப்பு எரிந்தது பல இடங்களில் இந்த மெசினால்தான். வெளியிலே போய் உழைத்தால் ஊர் ஒன்று சொல்லும். திண்ணையிலே இருந்து தைத்தால் ஊர் துணியைக் கொண்டுவந்து தரும். 1963இல் சிங்கர் இன்டஸ்றீஸ் என்ற பெயரில் இலங்கையிலேயே மெசின் செய்யவும் ஒரு கொம்பனியை ஆரம்பித்தார்கள். இந்தியாவின் உஷா மெசினும் எங்கட பக்கத்தில் அறிமுகமான பெயர்தான்.

யந்திரங்களை எதிர்த்துப் பேசிய மகாத்மா காந்திகூட 1924இல் தையல் மெசினுக்கு விதிவிலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைக் கண்டு இரங்கியே சிங்கர் அதைச் செய்தார் என்று அவர் நம்பினார். உண்மையில் சிங்கர் காசில் கண்ணாக இருந்த மனிதர். ஒரே நேரத்தில் பல குடும்பங்கள் வைத்திருந்தவர். ஆனாலும் காந்தி சொன்ன அடிப்படை சரிதான். ஒருவர் தன் வீட்டில், தன் கையால், தன் விருப்பப்படி பாவிக்கக்கூடிய யந்திரம் மனிதனை அடிமைப்படுத்தாது.

மின்சாரம் இல்லாத வருடங்கள்

இந்த உண்மையை நாங்கள் 1990இல் கண்ணால் கண்டோம். அந்த ஆண்டு யுத்தம் மீண்டும் தொடங்கிய பிறகு குடாநாட்டில் வருடக்கணக்காக மின்சாரம் இல்லை. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, சவர்க்காரம் என்று பொருளாதாரத் தடைப் பட்டியல் நீண்டுகொண்டே போனது. வானொலி கேட்பதற்குச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுற்றினார்கள். ஜாம் போத்தலில் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டுப் பிள்ளைகள் படித்தார்கள். மின்சாரத்தில் ஓடிய புது மெசின்கள் மூலையிலே தூசி பிடித்துக் கிடந்தன. பாட்டி காலத்துக் கைமெசினும் கால்மெசினும்தான் ஓடின. பழைய சேலை பிள்ளைக்குப் பாவாடையானது. அப்பாவின் வேட்டி கைக்குழந்தைக்குச் சட்டையானது. பள்ளிக்கூடச் சீருடையை அவிழ்த்து, விளிம்பை இறக்கி, அடுத்த வருஷத்துக்கும் சமாளித்தார்கள்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. இலட்சக்கணக்கானவர்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்று யோசிக்க நேரமில்லை. கட்டில், அலுமாரி, கால்மெசின் எல்லாம் வீட்டோடு நின்றன. கைமெசினைப் பெட்டியோடு சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனவர்களைக் கண்டவர்கள் எங்களுக்குள்ளும் இருக்கினம். பாரம் எண்டு பார்த்தால் அதை முதலில் விட்டிருக்க வேணும். ஆனால் போய்ச் சேருகிற இடத்தில் அடுத்த நாளே உழைக்கக்கூடிய சாமான் அது ஒன்றுதான். நகையை விற்றால் ஒரு முறைதான் காசு வரும். மெசின் இருந்தால் நாளைக்கும் வரும்.

பலெர்மோவில்

எமது மக்கள் 1980களிலிருந்து பலெர்மோவுக்கு வரத் தொடங்கினார்கள். 1986ஆம் ஆண்டுச் சட்டமும் 1990ஆம் ஆண்டு மர்த்தெல்லிச் சட்டமும் பலருக்கு விசாக் கிடைக்க வழி செய்தன. கிடைத்த வேலை பெரும்பாலும் வீட்டு வேலை. வயதானவர்களைப் பார்க்கிற வேலை. அந்த வீடுகளின் சாமான் அறைகளில் பழைய தையல் மெசின் ஒன்று மூடியோடு இருப்பதை எங்கட பெண்கள் எத்தனையோ பேர் கண்டிருப்பீர்கள்.

அதற்குக் காரணம் உண்டு. தெற்கு இத்தாலியிலும் சிசிலியிலும் பெண்பிள்ளை கல்யாணத்துக்கு முதல் தைத்துச் சேர்க்கும் விரிப்பு, துவாய், உள்ளாடைகளுக்குக் 'கொறேதோ' என்று பெயர். எங்கட சீதனச் சாமான் மாதிரித்தான். அதைத் தைக்க வீட்டுக்கு வீடு மெசின் வேண்டியிருந்தது. இத்தாலியரே நல்ல மெசின்களைச் செய்தார்கள். பாவியா நகரில் வித்தோறியோ நெக்கி 1919இல் தையல் மெசின் செய்யத் தொடங்கினார். அதே நகரில் விகொறெல்லி, மிலானோவில் பொர்லெற்றி. நெக்கியின் 'மிறெல்லா' மெசின் 1957இல் மார்ச்செல்லோ நிற்சோலி வடிவமைத்தது. அதே வருடம் இத்தாலியின் 'கொம்பாஸ்ஸோ தோறோ' வடிவமைப்புப் பரிசையும் பெற்றது. மொன்சாவில் சிங்கருக்கும் ஒரு தொழிற்சாலை இருந்தது.

நெக்கியின் கதையில் ஓர் அகதியும் வருகிறார். போலந்து நாட்டு யூதரான லியோன் ஜோல்சன் நாசிகளிடமிருந்து உயிர் தப்பி, 1940களின் கடைசியில் வெறுங்கையோடு நியூயோர்க் போய்ச் சேர்ந்தார். யுத்தத்துக்கு முன் அவருடைய குடும்பத்துக்குத் தெரிந்த தொழில் தையல் மெசின் வியாபாரம். அந்த அறிவை மட்டும் முதலாக வைத்து நெக்கி மெசின்களை அமெரிக்காவுக்கு இறக்குமதி செய்யும் பெரிய வியாபாரியாக உயர்ந்தார். சொத்தைப் பறிகொடுத்தவருக்குத் தொழில் மிஞ்சும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

கடைகளில் மலிவாக உடுப்பு வந்த பிறகு இங்குள்ள இளம் குடும்பங்களுக்கு மெசின் தேவைப்படவில்லை. பாட்டி காலமானதும் வீட்டை ஒதுக்கும்போது மெசின் வெளியே வந்துவிடும். பழைய சாமான்களுக்குப் பெயர்போன பியாற்சா பெறானியிலும், பல்லறோவை அண்டிய அல்பெர்கேரியாத் தெருக்களில் சாமான் பரப்பி விற்பவர்களிடமும் இப்படித்தான் அவை வந்து சேர்கின்றன.

வாங்கும்போது

'மாக்கினா தா குச்சீரே' என்று கேட்டால் காட்டுவார்கள். முதல் சொன்ன விலையைக் கொடுத்துவிடாதீர்கள். 2009இல் சவூதி அரேபியாவில் பழைய சிங்கர் மெசினுக்குள் 'சிவப்புப் பாதரசம்' இருக்கிறது என்று ஒரு கட்டுக்கதை பரவி, சனம் பெருங்காசு கொடுத்து வாங்கி ஏமாந்தது. மெசினுக்குள் இருப்பது இரும்பும் எண்ணெயும்தான்.

சில்லை மெதுவாக உங்கட பக்கமாகச் சுற்றிப் பாருங்கள். ஊசி ஏறி இறங்க வேணும், பற்கள் முன்பின் அசைய வேணும். இறுகிக் கிடந்தால் உடனே வேண்டாம் எண்டு சொல்லத் தேவையில்லை. பெரும்பாலும் அது வருடக்கணக்காகக் காய்ந்துபோன எண்ணெய், சுகப்படுத்தலாம். ஆனால் உடம்பிலே வெடிப்பு இருந்தாலோ, கறள் இரும்பைத் தின்று குழி விழுந்திருந்தாலோ விட்டுவிடுங்கள்.

அடுத்தது பொபின். பழைய 28, 128 இலக்க மெசின்களில் வட்டப் பொபின் கிடையாது. ஓடம் மாதிரியான ஒரு சின்னக் கூட்டுக்குள் நீளமான, மெல்லிய பொபின் இருக்கும். அந்த ஓடம் இல்லையென்றால் மெசின் தைக்காது. வாங்க முதல் பலகையைத் திறந்து அது இருக்கிறதா என்று பாருங்கள். 99 போன்ற வட்டப் பொபின் மெசினென்றால் பிரச்சினை குறைவு. ஊசி நல்ல செய்தி: இந்தச் சிங்கர் கைமெசின்களுக்கு இன்றைக்கு மெர்ச்சேரியாக் கடைகளில் விற்கும் சாதாரண வீட்டு மெசின் ஊசியே சரிவரும்.

உடம்பிலே ஓர் இலக்கம் அடித்திருக்கும். சிங்கரில் அது ஆங்கில 'வை' எழுத்திலோ, 'ஈ'யில் தொடங்கும் இரண்டு எழுத்துகளிலோ இருந்தால் மெசின் கிளைட்பாங்கில் பிறந்தது.

மோட்டார் பூட்டிய மெசினென்றால் கவனம். இத்தாலியில் முன்பு பல இடங்களில் வீட்டு மின்சாரம் 125 வோல்ற் அளவில் இருந்தது. மோட்டாரிலுள்ள தகட்டைப் பார்க்காமல் இப்போதைய 230 வோல்ற்றில் செருகினால் மோட்டார் எரிந்துவிடும். பழைய வயரின் றப்பர் வெடித்திருந்தால் மின்சார வேலை தெரிந்தவரிடம் காட்டி மாற்றிய பிறகே பாவியுங்கள்.

மரப்பெட்டியின் அடிப்பலகை உளுத்திருக்கிறதா, பூட்டு இறுக்கமாகக் கொளுவுகிறதா என்று பாராமல் மூடியின் கைபிடியில் தூக்க வேண்டாம். மூடி கையிலும் மெசின் காலிலும் நிற்கும்.

பராமரிப்பு

இறுகிய மெசினுக்கு அசைகிற இடங்களிலெல்லாம் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட்டு, பலவந்தம் பண்ணாமல் அசைத்து அசைத்து இளக வைக்க வேண்டும். பழைய அழுக்கு கறுப்பாக வழிந்து வரும். துடைத்த பிறகு தையல் மெசின் எண்ணெய் விட வேண்டும். தேங்காய் எண்ணெயோ இங்குள்ள ஒலிவ் எண்ணெயோ ஒருபோதும் விடாதீர்கள். சமையல் எண்ணெய் காற்றுப் பட்டுக் காய்ந்து பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். இறுகிப்போன மெசின்கள் சிலவற்றுக்கு நோயே அதுதான்.

ஒவ்வொரு துளைக்கும் ஒரு துளி போதும். நாள் முழுவதும் தைக்கிறவர்கள் நாளுக்கு ஒரு தடவை. இடைக்கிடை தைக்கிறவர்கள் தைக்கத் தொடங்க முதல். எண்ணெய் விட்டதும் பழந்துணியில் கொஞ்சம் ஓடவிட்டால் நல்ல துணியில் கறை படாது. பற்களுக்குக் கீழே சேரும் பஞ்சைச் சின்னத் தூரிகையால் எடுக்க வேண்டும். தங்கப் பூவேலை மீது அற்ககோல் படக்கூடாது. மேலே பூசியிருக்கும் அரக்கு மெருகு கரைந்து, பூவும் போய்விடும். ஈரம் பிழிந்த துணியால் துடைத்து உலர்த்தினால் போதும். பலெர்மோவின் கடற்காற்றுக்கு இரும்பு சீக்கிரம் கறள் பிடிக்கும். வெள்ளை இரும்புப் பகுதிகளில் எண்ணெய்த் துணியை இலேசாக ஒற்றி வையுங்கள்.

தையல் பிழைத்தால் முதலில் ஊசியை மாற்றுங்கள். ஊசியின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். நூல் எந்தப் பக்கத்தால் ஊசிக்கண்ணுக்குள் போகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் அந்தத் தட்டை வர வேண்டும். துணிக்குக் கீழ்ப்பக்கம் நூல் வளையம் வளையமாக வந்தால் பிழை கீழே இல்லை. மேல்நூலைச் சரியாகக் கோக்கவில்லை, அல்லது மேல் இறுக்கம் போதாது. கோத்த நூலைக் கழற்றி முதலிலிருந்து கோத்தாலே அரைவாசிக் குறை தீர்ந்துவிடும்.

பிள்ளைகளுக்குத் தையல் பழக்கவும் கைமெசினே நல்லது. சுற்றினால்தான் ஓடும், கையை எடுத்தால் நின்றுவிடும். பெண்பிள்ளைக்கு மட்டும் என்றில்லை, ஆண்பிள்ளைக்கும் பழக்குங்கள். ஊரிலே தையற்கடை வைத்திருந்தவர்கள் ஆம்பிளையள்தானே!

இன்னுமொரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் அம்மாவின், அம்மம்மாவின் மெசின் ஒன்று இருந்தால், அல்லது ஊரிலே விட்டு வந்த மெசினின் நினைவு இருந்தால், பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். என்ன மெசின், என்ன இலக்கம், யார் வாங்கியது, எந்தக் காசில், யார் யாருக்குத் தைத்தது, எந்த இடப்பெயர்வில் எங்கே விட்டது. பலெர்மோவில் வாங்கிய மெசினென்றாலும் எங்கே, எப்போது வாங்கியது என்று எழுதுங்கள். ஒரு முழுத் தாள் போதும். அதை நாலாக மடித்து மெசின் பெட்டிக்குள் பொபின்களோடு வைத்துவிடுங்கள். அடுத்ததாக அந்தப் பெட்டியைத் திறக்கிறவர் உங்கள் பேரப்பிள்ளையாக இருக்கலாம்.